கவுண்டர் இடுப்பும் குன்னூர் நாற்காலியும்

மனித குலத்தின் வரலாற்றை ஆழ்ந்து நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். மகத்தான மனிதர்களுக்கென்று இயற்கை மகத்தான துன்பங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. சாமானியனுக்குச் சளி பிடிக்கும், வயிறு கடுக்கும், காலில் முள் ஏறும். ஊரைத் தாங்குகிறவர்களுக்கோ வலி முதுகெலும்பின் அடிவாரத்தில், பாரமெல்லாம் வந்து இறங்குகிற இடத்தில்தான் வரும். சூலூருக்குக் கிழக்கே கள்ளிமேட்டுப்பாளையத்தில் வாழ்ந்த செங்கோடக் கவுண்டருக்கு இந்தக் கொள்கையில் முழு நம்பிக்கை. அவருக்கு அந்த வலி முதன்முதலில் வந்தது கோவணம் கட்டக் குனிந்தபோது.

குனிந்தவர் நிமிரவில்லை. "அம்மணி!" என்று ஒரு சத்தம் போட்டார். மனைவி செல்லாத்தாள் மோர்ச் சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து, தோளைப் பிடித்து, பழைய கதவைத் திறப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அவரை நிமிர்த்தினாள். அது ஆவணி மாதம். அதன்பிறகு வலி வரும், போகும். போவது குறைந்து வருவது அதிகமாகி, கார்த்திகைக்குள் அது விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிட்ட ஒறம்பரை மாதிரி ஆகிவிட்டது.

இந்த வலிக்குக் கொஞ்சம் முன்புதான் கவுண்டர் பஞ்சாயத்துக் கோர்ட்டு பிரசிடெண்டு ஆகியிருந்தார். வரப்பை நகர்த்தியவன், அடுத்தவன் சோளத்தில் ஆட்டை விட்டவன், கிணற்று முறை தவறி ஏற்றம் இறைத்தவன் ஆகியோரை விசாரிக்க அரசாங்கம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது, நாற்காலி கொடுக்கவில்லை. நீதி என்பது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வழங்குகிற சமாச்சாரம் அல்ல என்று கவுண்டருக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார், பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று தெரிந்தது. கவுண்டர் மலை ரயில் ஏறிப் போய், வெள்ளிப் பாத்திரங்களையும் வேட்டைத் துப்பாக்கியையும் திரும்பிக்கூடப் பாராமல், ஒரே ஒரு நாற்காலியை எடுத்து வந்தார்.

அது நாற்காலி என்று சொன்னால் அதற்கு அவமானம். நல்ல ஈட்டி மரம். கவுண்டர் மார்பளவுக்கு உயர்ந்த முதுகுப் பலகை, அதன் நடுவில் வாயைப் பிளந்த சிங்கம். இரண்டு பக்கமும் அகலமான கை. அடியில் கால்களுக்குப் பதில் நாலு பக்கமும் பலகை அடித்த பெட்டி. பெட்டிக்கு முன்பக்கம் பித்தளைக் குமிழ் வைத்த சின்னக் கதவு. உட்காருகிற பலகையின் நடுவில் மட்டும் வட்டமாக ஓர் ஓட்டை.

அந்த ஓட்டையைப் பார்த்து ஊர் ஆசாரி தலையைச் சொறிந்தார். "இது என்னத்துக்குங்க கவுண்டரே?"

"காத்து வர்றதுக்கு," என்றார் கவுண்டர். "குளுருல பொறந்தவன் இந்த வெயில்ல உக்கார வேண்டாமா? வெள்ளைக்காரன் மூளையப் பாத்தியா? மேல விசிறி, கீழ ஓட்டை."

நமக்கு அந்த அளவு சூடு இல்லை என்பதால் ஓட்டையின் மேல் ஒரு பலகையை அடித்து, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டு, ஆசாரி அதை ஆசனமாக்கினார். அடியில் இருந்த பெட்டியைக் கவுண்டர் கோர்ட்டுக் காகிதங்கள் வைக்க ஒதுக்கினார். ஒரு தீர்ப்பு எழுதி முடித்ததும் கால்களை விலக்கி, கீழே குனிந்து, கதவைத் திறந்து, காகிதத்தை உள்ளே வைத்துச் சாத்துவார். வாதி, பிரதிவாதி இருவருக்கும் ஒரு பயம் வரும்.

நாற்காலி வந்ததும் கோயமுத்தூரிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து ஒரு படமும் எடுத்தாயிற்று. தலைப்பாகை, கோட்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடப் போன சமயத்தில் கவுண்டர் கையைத் தூக்கினார். "இருங்க. அந்த அடிக்கதவைத் தொறந்து வைங்க. உள்ள இருக்கற காயிதமெல்லாம் தெரியோணும். கோர்ட்டுன்னு தெரிய வேண்டாமுங்களா?" கதவு திறந்து வைக்கப்பட்டது. படம் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது.

இதெல்லாம் ஆடியில். வலி வந்தது ஆவணியில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கவுண்டருக்குத் தோன்றவில்லை. பெரிய மனிதர்கள் தங்கள் பெருமையைச் சந்தேகிப்பதில்லை.

வலி வெறும் வலியாக மட்டும் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அதற்கு ஒரு கெடு இருந்தது. பங்குனியில் வரும் மாரியாத்தா நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா. கள்ளிமேட்டுப்பாளையத்தில் முதல் மரியாதை மூத்த வீட்டுக்காரருக்கு. அவர் ஆத்தாளுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தானே எழ வேண்டும். எழுந்ததும் பூசாரி தலையில் பரிவட்டம் கட்டுவார். எழும்போது எவர் கையும் மேலே படக்கூடாது. பட்டால் ஆத்தாளுக்கு அவர்மேல் மனசில்லை என்று பொருள். பரிவட்டம் அடுத்த வீட்டுப் பங்காளிக்குப் போய்விடும். போனது திரும்பாது. செங்கோடக் கவுண்டரின் அப்பன், பாட்டன், பூட்டன் யாவரும் விழுந்து எழுந்த இடம் அது.

அடுத்த வீட்டுப் பங்காளி பொங்கியண்ணக் கவுண்டர். தினமும் விடிந்ததும் வந்து நலம் விசாரிப்பார்.

"அண்ணா, இடுப்பு எப்படிங்க இருக்குது?"

"இருக்கற எடத்துலதான் இருக்குது."

"பங்குனிக்குள்ள செரியாயிருமுங்களா?"

"உனக்கென்னப்பா அவசரம்?"

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நேத்துத் தோட்டத்துல சும்மா ஒருக்கா உழுந்து எந்திரிச்சுப் பாத்தேன். சுளுவாத்தான் இருந்துச்சு. அண்ணனுக்கு முடியாட்டி ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் போனதும் கவுண்டர் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒத்திகை பார்க்க ஒருமுறை விழுந்தார். விழுந்தது நன்றாகவே இருந்தது. வெகுநேரம் கழித்து, பருத்திக்கொட்டை எடுக்க வந்த செல்லாத்தாள் அவரைத் தரையில் பார்த்தாள்.

"ஏனுங்க, சாமி கும்பிடறீங்களா?"

"எந்திரிக்க முடியல, அம்மணி."

"எப்ப உழுந்தீங்க?"

"வெயில் அந்தத் தூணுகிட்ட இருந்தப்ப."

வெயில் இப்போது படியில் இருந்தது. அவள் அவரைத் தூக்கி நிறுத்தினாள். அன்றைக்குத்தான் கவுண்டருக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

வைத்தியம் தொடங்கியது. நொச்சித்தழை ஒத்தடம், விளக்கெண்ணெய் நீவல் எல்லாம் வீட்டோடு முடிந்த பிறகு, பாலக்காட்டிலிருந்து ஒரு வைத்தியர் வந்து தங்கினார். கிழி கட்டி, எண்ணெயில் முக்கி, கவுண்டரைத் தினமும் அப்பளம்போலப் பொரித்தார். உப்பு கூடாது, புளி கூடாது, கோபம் கூடாது என்றார். உப்பும் புளியும் இல்லாமல் இருக்கக் கவுண்டர் சம்மதித்தார். அதனாலேயே கோபம் வந்தது. வைத்தியர் போன பிறகும் வீடு பூராவும் எண்ணெய் வாசம். எருமைகள் மட்டும் அவரிடம் முன்னைவிடப் பிரியமாக வந்து நின்றன.

கடைசியில் வாடகைக் கார் பிடித்து, செல்லாத்தாளையும் கூட்டிக்கொண்டு, கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் புதிதாகப் பங்களா கட்டியிருந்த டாக்டர் ஐயாசாமியிடம் போனார். டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"தோட்டம் தொரவுக்கெல்லாம் போறதுண்டுங்களா?"

"முன்னெல்லாம் போவனுங்க. இப்ப கோர்ட்டு இருக்குதுங்க."

"கோர்ட்டுல எதுல உக்காருவீங்க?"

கவுண்டர் முகம் மலர்ந்தது. அவர் நாற்காலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, குன்னூர் ரயில், ஏலம், ஈட்டி மரம், சிங்கம் என்று போய்க்கொண்டே இருந்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"உக்காந்தா கால் தரையில படுமா?"

"படாதுங்க. அதானுங்க அதுல விசேசமே."

"சாஞ்சு உக்காருவீங்களா?"

"எப்படிங்க சாயறது? பின்னால சிங்கம் வாயத் தொறந்துட்டு இருக்குதுங்களே."

"நாள் பூரா அப்படியேவா?"

"கேசு இல்லாட்டியும் உக்காந்திருப்பனுங்க. வர்றவங்க பாக்கோணுமல்லங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த நாற்காலிய விட்டுடுங்க. காலைல கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம் நடங்க. ராத்திரி பலகை மேல ஜமக்காளம் போட்டுப் படுங்க. செரியாயிரும்."

"மருந்துங்க?"

"இதுதான் மருந்து."

"ஊசியாச்சும்?"

"வேண்டாமுங்க."

கார் சிங்காநல்லூர் தாண்டியதும் கவுண்டர் வெடித்தார். "நடக்கோணுமாமா! இதைச் சொல்றதுக்கு ஒரு படிப்பு, ஒரு பங்களா! நம்ம தோட்டத்து எருது நாளெல்லாம் நடக்குது. அது எந்த டாக்டரைக் கேட்டுட்டு நடக்குது?"

"அதுக்கு இடுப்பு வலி இல்லீங்களே," என்றாள் செல்லாத்தாள்.



அப்போது நீலகிரியில் பைக்காரா அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் வந்த புதிது. மில்லில் மின்சாரம், கிணற்றில் மின்சாரம், கோயமுத்தூர்க் கடைத்தெருவில் மின்சாரம். மின்சாரம் செய்யாத வேலை இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கவுண்டர் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தார். கல்கத்தாவில் ஒரு கம்பெனி எலக்ட்ரிக் பெல்ட் செய்கிறது. இடுப்பில் கட்டினால் போதும். தாமிரத் தகடும் துத்தநாகத் தகடும் சேர்ந்து உடம்புக்குள் உயிர் மின்சாரத்தைப் பாய்ச்சி, வாதம், வாயு, நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு அனைத்தையும் துரத்தும். விளம்பரத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலப் பிரபலங்களின் படங்கள்: வடக்கே ஒரு ஜமீன்தார், ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜு, பட்டாளத்து மேஜர் ஒருவர். எல்லோரும் பெல்ட்டால் நிமிர்ந்தவர்கள். இது தனக்குப் பொருத்தமான வைத்தியம் என்று கவுண்டர் கண்டுகொண்டார். பணம் கட்டி வாங்கும் வி.பி. தபாலில் தருவித்தார்.

பெல்ட் வந்து சேர்ந்த அன்றே இன்னொரு சேதியும் வந்தது. சப் கலெக்டர் துரை சுற்றுப்பயணம் வருகிறார். ஊருக்கு மேற்கே புளியந்தோப்பில் காம்ப்பு. துரை காம்ப்பு போட்டால் ஊர்ப் பெரிய வீடுகள் பால், கோழி, ஜமக்காளம், மேஜை, நாற்காலி என்று ஆளுக்கொன்று அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். மணியக்காரர் மருதாசலம் வீடு வீடாக வந்தார். பொங்கியண்ணன் இரண்டு கிடாய் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதும் கவுண்டர் நிமிர்ந்தார், கொஞ்சம் வலித்தது.

"மணியாரரே, துரை உக்கார என்ன ஏற்பாடு?"

"அவங்களே மடக்கு நாற்காலி கொண்டாருவாங்க."

"கித்தான் நாற்காலியா? நம்ம ஊர்ல வந்தா? நம்ம ஆசனத்தை எடுத்துட்டுப் போங்க. துரை அதுலதான் உக்காரோணும்."

உள்ளே இருந்த காகிதங்களை எடுத்துவிட்டு, ஆசாரி அடித்த பலகையையும் மெத்தையையும் கழற்றச் சொன்னார். "அவங்களுக்குக் காத்து வேணுமல்ல?" நாற்காலி வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏறி, மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோலப் புளியந்தோப்புக்குப் போயிற்று.

மறுநாள் காலை கவுண்டர் பெல்ட்டைக் கம்பெனிக் குறிப்பில் சொன்னபடி காடியில் நனைத்து, வேட்டிக்குள் கட்டிக்கொண்டு, துரை தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்க்க நடந்தார். வண்டி கட்டலாம்தான், ஆனால் வண்டி ஆடினால் இடுப்பு சும்மா விடாது. இட்டேரி வழியாக, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நல்ல நடை. தோப்புக்குப் போய்ப் பார்த்தால் துரை பந்தலில் ஒரு கித்தான் நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நம்முளுது எங்கீங்க?" என்று மணியக்காரரைக் கேட்டார்.

"உள்ள ஒரு தனிக் கூடாரத்துல வெச்சிருக்காங்களாமா. பட்லரே கையோட எடுத்துட்டுப் போனாரு."

"பின்ன? அதைப் போயி வெயில்ல போடுவாங்களா?"

சாயந்தரம் ஒருவேளை வெளியே எடுத்துப் போடுவார்கள் என்று மறுபடியும் நடந்தார். இல்லை. மறுநாள் காலையிலும் போனார், சாயந்தரமும் போனார். துரை காம்ப்பு இருந்தவரை இதே நடைதான். வீட்டில் உட்கார நாற்காலி இல்லை. கட்டிலில் உட்கார மனசில்லை. ஆகவே திரும்பி வந்தாலும் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தபடியே இருந்தார். பெல்ட்டுக்குக் கயிற்றுக் கட்டில் ஒத்துவராமல் தகடு குத்தியதால், இரவில் தரையில் பலகையைப் போட்டுப் படுத்தார்.

நாலாவது ஐந்தாவது நாளில் செல்லாத்தாள் ஒன்றைக் கவனித்தாள். கவுண்டர் கீழே விழுந்த துண்டைத் தானே குனிந்து எடுத்தார்.

"ஏனுங்க, வலிக்கலீங்களா?"

கவுண்டர் துண்டைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினார். "பெல்ட்டு, அம்மணி! பைக்காரா அருவியே இடுப்புக்குள்ள எறங்குது!"

ஆர்.எஸ். புரத்து டாக்டர் சொன்னதைச் செல்லாத்தாள் மறந்திருக்கவில்லை. பெல்ட்டை ஒருநாள் காடியில் நனைக்காமலே எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கும் அருவி இறங்கியது.

காம்ப்பு கலைந்தது. நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு துரையின் பட்லர் அப்புசாமியே வந்து வாசலில் நின்றார். கவுண்டர் தோட்டத்துப் பக்கம் நடக்கப் போயிருந்தார். செல்லாத்தாள் வெளியே வந்தாள்.

"அம்மா, ரொம்ப உபகாரமுங்க," என்றார் அப்புசாமி, கையைக் கூப்பி. "வர்ற வழியில நொய்யல் எறக்கத்துல எங்க சாமான் வண்டி கொடை சாஞ்சு, துரையோட சொந்தப் பெட்டி சுக்குநூறாப் போச்சுங்க. துரை ஆடிப்போய்ட்டாரு. இந்தப் பக்கத்துல இதுக்கு நான் எங்க போவேன்னு முழிக்கறேன், மணியாரர் வண்டியில இது வந்து எறங்குது! சாமியே அனுப்புனாப்பல."

"துரைக்கு உக்காந்து கேசு பாக்க வசதியா இருந்துச்சுங்களா?"

"என்ன பாக்கங்க?"

"கேசுங்க. எங்க ஊட்டுல அதுலதான் கோர்ட்டு நடக்குதுங்க."

அப்புசாமி தோளில் இருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் வண்டிமாட்டைப் பார்த்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது அதுக்கு இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க?"

"துரைமாருங்க காலைல சொம்ப எடுத்துக்கிட்டுக் காட்டுப்பக்கம் போக மாட்டாங்களேங்க. அதுக்குங்க."

செல்லாத்தாள் நாற்காலியைப் பார்த்தாள். "அந்த ஓட்டை?"

"அதேதானுங்க."

"அடிக்கதவு?"

"பீங்கான் ஏனம் வெக்கறதுக்குங்க. அது எங்ககிட்டயே இருந்துச்சு, வெச்சுக்கிட்டோம். பயப்படாதீங்க, பினாயில் ஊத்தி நல்லாக் கழுவித்தான் கொண்டாந்திருக்கறேன்."

செல்லாத்தாள் "இருங்க, வாரேன்," என்று சொல்லிவிட்டு மாட்டுச்சாளைக்குள் போனாள். போய், ஓர் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எத்தனை வரப்புத் தகராறு, எத்தனை ஆட்டுத் தகராறு, எத்தனை தீர்ப்பு! சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது அவளுக்கு யோசனை வந்தது.

நாற்காலி வீட்டுக்குள் வந்தால் இவர் உட்காருவார். உட்கார்ந்தால் இடுப்பு போகும். நோம்பியில் விழுந்தவர் எழ மாட்டார். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அதைக் கேட்ட மனிதர் வீட்டை விட்டு வெளியே தலை காட்ட மாட்டார். நோம்பிக்கே வர மாட்டார். எப்படிப் பார்த்தாலும் பரிவட்டம் பொங்கியண்ணன் தலையில். ஆகவே நாற்காலி போக வேண்டும், போன காரணம் இவருக்குத் தெரியக்கூடாது.

அவள் வெளியே வந்தபோது கவுண்டர் வந்துவிட்டிருந்தார். வண்டியிலிருந்து நாற்காலி இறங்கிவிட்டிருந்தது. கவுண்டர் அதன் கையைத் தடவிக்கொண்டு, உட்காருவதற்காக வேட்டியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உக்காராதீங்க!" என்று கத்தினாள்.

"ஏன், அம்மணி?"

"துரை உக்காந்த எடமுங்க அது!"

"அதனாலதானே உக்கார்றேன்."

"அய்யோ, துரை அதைக் கேக்கறாருங்களாமா!" என்றாள் செல்லாத்தாள். சொல்லிவிட்டு அப்புசாமியை ஒரு பார்வை பார்த்தாள். "அதைச் சொல்றதுக்குத்தான் இவுங்களே நேர்ல வந்திருக்காங்க. இல்லீங்களாண்ணா?"

அப்புசாமி மூன்று கலெக்டர்களுக்கும் அவர்களுடைய துரைசானிகளுக்கும் இடையில் வாழ்ந்தவர். அவருக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை.

"ஆமாங்க கவுண்டரே. எப்படிக் கேக்கறதுன்னுதான் நின்னுட்டு இருந்தேன். காலைல எந்திரிச்சா துரை வேற எதையும் பாக்க மாட்டாருங்க. நேரா இதுலதான் வந்து உக்காருவாரு. இதுல உக்காந்து எந்திரிச்ச பொறவுதானுங்க அவருக்கு முகமே தெளியும்."

கவுண்டர் கையை நாற்காலியிலிருந்து மெல்ல எடுத்தார். "பங்களாவுல எந்த ரூமுல போடுவாரு?"

"அதுக்குன்னே ஒரு தனி ரூமு இருக்குதுங்க. அவரைத் தவிர அங்க ஆரும் போகக் கூடாதுங்க."

"கதவச் சாத்திக்குவாரோ?"

"எப்பவுமேங்க."

"ரோசனை பண்ணுவாராட்ட இருக்குது," என்றார் கவுண்டர். "பெரிய பெரிய ரோசனையெல்லாம் அப்படித்தான் வரும். ஏத்துங்க வண்டியில. கள்ளிமேட்டுப்பாளையம் செங்கோடக் கவுண்டர் அன்பளிப்புன்னு துரைகிட்டச் சொல்லுங்க. அந்தப் பலகையும் மெத்தையும் வேணுமுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் அப்புசாமி.

வண்டி போன பிறகு அடுத்த வேலை செல்லாத்தாளுக்குப் பாக்கி இருந்தது. கூடத்துப் படத்தைக் கழற்றி, சோளக் குதிருக்குள் அடியில் போட்டு, ஆணி பெயர்ந்து விழுந்து உடைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டாள். இனி உலகத்தில் அந்த நாற்காலிக்குச் சாட்சி இல்லை என்று அவளுக்கு நிம்மதி.

அந்த ஆசனத்துக்குப் பிறகு வேறெதிலும் உட்காருவது தகுதியில்லை என்று கவுண்டர் அறிவித்தார். கோர்ட்டைக் கூடத்தில் நடந்தபடியே நடத்தினார். வாதியும் பிரதிவாதியும் பின்னாலேயே நடந்தார்கள். களைத்துப்போய்ப் பல வழக்குகள் சமரசமாக முடிந்தன.

பங்குனி வந்தது. நோம்பியன்று மாரியாத்தாள் கோயிலுக்கு முன்னால் தாரை தப்பட்டை முழங்க, ஊரே கூடி நின்றது. மூத்த வீட்டுக்காரருக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர் பொங்கியண்ணன், புது வேட்டி கட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, பரிவட்டத்துக்கு எல்லா விதத்திலும் தயாராக நின்றார்.

"அண்ணா, வெசனப்படாதீங்க," என்று காதோரம் சொன்னார். "முடியாட்டிக் கையத் தூக்குங்க. நான் புடிச்சுக்கறேன்."

"நீ உன் கையப் பின்னால கட்டிக்க, பொங்கியா."

கவுண்டர் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக, கை இரண்டும் ஆத்தாளை நோக்கி நீள, நெற்றி மண்ணில் பட விழுந்தார். தப்பட்டை நின்றது. அவர் அசையவில்லை. செல்லாத்தாள் பெண்கள் கூட்டத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பொங்கியண்ணன் ஒரு காலை முன்னால் வைத்தார். கையும் நீண்டது.

கவுண்டர் சும்மா படுத்திருந்தார், அவ்வளவுதான். வலியில்லாமல் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்து போயிருந்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முட்டி போட்டு, ஒரே மூச்சில் எழுந்து நின்றார். நெற்றியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. தப்பட்டை அதிர்ந்தது. பூசாரி பரிவட்டம் கட்டினார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பொங்கியண்ணன் அதால் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஊரே வந்து என்ன வைத்தியம் என்று கேட்டது. நடை என்று டாக்டர் சொன்னதை யார் சொல்வார்கள்? கவுண்டர் வேட்டியைக் கொஞ்சம் இறக்கி பெல்ட்டைக் காட்டினார். அதற்குள் தகடு இரண்டு கழன்று விழுந்திருந்தது. மீதியையும் அன்று சாயந்தரத்துக்குள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டார்கள்.

தான் அறிந்த நன்மையை உலகம் அறிய வேண்டாமா? கவுண்டர் கல்கத்தா கம்பெனிக்கு நற்சாட்சி எழுதி அனுப்பினார். கம்பெனி பதில் போட்டது: மகாகனம் பொருந்திய தங்கள் திருவுருவப் படம் ஒன்று அனுப்பினால் ஜமீன்தாருக்கும் ஜட்ஜுக்கும் நடுவில் போட்டுக்கொள்வோம். வீட்டில் இருந்த படம் உடைந்துபோயிற்றே என்று கவுண்டர் கவலைப்படவில்லை. கோயமுத்தூர் போட்டோக்காரரிடம் அதன் கண்ணாடித் தகடு பத்திரமாக இருந்தது. ஒரு கார்டு எழுதிப் போட்டு, இன்னொரு பிரதி எடுத்து நேராகக் கல்கத்தாவுக்கே அனுப்பிவிடச் சொன்னார். செல்லாத்தாளிடம் இதைச் சொன்னது படம் வெளிவந்த பிறகுதான். அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தார். அந்த விஷயத்தில் அவர் ஏமாறவில்லை.

விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தது. ஊட்டியிலும் சென்னையிலும் துரைமார் கிளப்புகளில் வாசிக்கும் இங்கிலீஷ் பத்திரிகையிலும் வந்தது. அதில் வாரா வாரம், ஒரு வருஷம் முழுவதும் வந்தது. 'நாள்பட்ட இடுப்பு வலியிலிருந்து விடுதலை பெற்ற கோயமுத்தூர்ப் பிரமுகர், தமது ஆசனத்தில்' என்று கீழே அச்சிட்டிருந்தார்கள்.

படத்தில் அடிக்கதவு திறந்திருந்தது.